உன் கதையில் நான் அழுதுகொண்டிருந்தேன்

சீத்தா கேம்ப், மும்பை
வெள்ளிக்கிழமை

அருமை மகள் சஃப்ரீனுக்கு உம்மா ஹபீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

டப்ளினில் குளிர் இறங்கிவிட்டது என்று சொன்னாய். நெஞ்சை மூடாமல் வெளியே போகாதே. சளி பிடித்தால் உனக்கு லேசில் விடாது. இங்கே நான் சுகம். படி ஏறும்போது மட்டும் முழங்கால் பிடிக்கிறது. செம்பூர் வீட்டுச் சமையல் வேலையை இன்னும் விடவில்லை.

உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். வாய்ஸ் மெசேஜ் போட்டால் நடுவில் அழுதுவிடுவேன். அதையும் நீ கதையில் சேர்த்துக்கொள்வாய். மெதுவாக வாசி.

நீ மேடையில் இங்கிலீஷில் கதை சொல்லிப் பரிசு வாங்கிய வீடியோவைப் பார்த்தேன். நீ எனக்கு அனுப்பவில்லை. பக்கத்துச் சந்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறாளே அஸ்ரின், அவள்தான் கொண்டுவந்து காட்டினாள். கறுப்பு உடுப்பில் மைக்கின் முன்னால் உன்னைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாஷா அல்லாஹ் என்றேன். ‘மை மதர்’ என்று நீ சொன்ன இடத்திலெல்லாம் சனங்கள் உச்சுக்கொட்டினார்கள். என்னைப் பற்றி நல்லதாகத்தான் ஏதோ சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அஸ்ரினை நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொல்லச் சொன்னேன். மழை பெய்துகொண்டிருந்தது. வாப்பா கத்திக்கொண்டிருந்தார். உம்மா மூலையில் அழுதுகொண்டிருந்தாள். நீ படித்துக்கொண்டிருந்தாய். பிறகு நீ எழுந்தாயாம். கதவைத் திறந்தாயாம். ‘வெளியே போ’ என்றாயாம். அவர் போனாராம். அந்த இடத்தில்தான் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள்.

அஸ்ரின் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாடம் நடத்திப் பழகிய வாய். “பாஸ்ட் கன்டினியூவஸை எவ்வளவு அழகா போட்டிருக்கா சாச்சி! கதையில பின்னாடி நடந்துக்கிட்டே இருக்கதுக்கு ‘வாஸ்’ போட்டு ‘இங்’ சேக்கணும். யாராவது சட்டுனு ஒண்ணு செஞ்சா அதுக்கு மட்டும் சிம்பிள் பாஸ்ட்” என்றாள். “அப்போ நான்?” என்று கேட்டேன். வீடியோவை மறுபடி ஓட்டினாள். அவள் முகம் மாறிப்போனது. “நீங்க கடைசி வரைக்கும் ‘வாஸ் க்ரையிங்’தான் சாச்சி” என்றாள்.

சஃப்ரீன், அன்றைக்கு மழை இல்லை. கதைக்கு வேண்டியிருந்தால் அதை வைத்துக்கொள். உன் வாப்பா மக்ரிப் நேரத்தில் குடித்துவிட்டு வந்தார். உன்னை ஸ்கூலிலிருந்து நிறுத்தி, உல்லாஸ்நகரில் தன் அக்கா வீட்டில் வேலைக்கு விடப்போவதாகச் சொன்னார். “பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இங்கிலீசு?” என்று உன் பையைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தார். உனக்கு அப்போது எட்டு வயது. கட்டிலுக்கு அடியில் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாய். அது உன் தப்பில்லை. பச்சைப்பிள்ளை வேறு என்ன செய்யும்?

நான் அழுதது உண்மை. அழுதபடியே எழுந்தேன். கதவைத் திறந்தேன். “இனிமே இந்த வாசப்படிய மிதிக்கப்பிடாது, போங்க” என்றேன். அவர் என் கையை முறுக்கிவிட்டுத்தான் போனார். சாக்கடையில் இறங்கி உன் பையை எடுத்து அலசிக் காயப்போட்டேன். மறுநாள் வீங்கிய கையோடு ஜமாத்துக்குப் போனேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் தனியாக நின்று, பிரித்துவிடச் சொல்லிக் கேட்டேன். அதில் ஒருவர்கூட எனக்காக உச்சுக்கொட்டவில்லை.

இதைவிடக் கேவலம், போன ஞாயிற்றுக்கிழமை உன் வாப்பா வந்தார். வருஷக்கணக்காக இந்தப் பக்கம் தலைகாட்டாத ஆள். தாராவியில் அவர் வேலை பார்க்கும் தோல் பட்டறையில் யாரோ வீடியோவைப் போட்டுக் காட்டி, அர்த்தமும் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, “எட்டு வயசுப் புள்ள சொன்னா நான் போயிருவேனா ஏட்டி? நீல்லா போகச் சொன்ன. அன்னைக்கு நீ நின்ன நிப்பு இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்கி” என்றார்.

என்னிடம் ஒரு நாளும் உண்மை பேசாத மனிதர். அன்று நான் செய்ததற்கு இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் சாட்சி என்று ஆகிவிட்டது. ஒரு கண்ணாடி டம்ளரில் சாயா ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். அந்த டம்ளரைக் கழுவி வைக்க மனம் வரவில்லை. குப்பையில் போட்டுவிட்டேன்.

தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள், “குடுத்து வச்சவ, மக காப்பாத்திட்டா” என்கிறார்கள். பெற்ற மகளைப் பொய்க்காரி என்று நானே எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அடுத்த மாதம் இதைவிடப் பெரிய மேடையில் இதே கதையைச் சொல்ல உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். போ. கூப்பிட்டவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல வேண்டாம். நல்ல உடுப்பாகப் போட்டுக்கொள். கதையை இங்கிலீஷிலேயே சொல். அந்த பாஷை உனக்கு வர வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டவள்தான்.

வேளைக்குச் சாப்பிடு. தொழுகையை விடாதே. இதை அஸ்ரினிடம்கூடக் காட்டாமல் தபாலில் போடுகிறேன். போன் செய்யும்போது இதைப் பற்றிப் பேச வேண்டாம். எப்போதும் போல என்ன சமைத்தேன் என்று கேள், சொல்கிறேன்.

அல்லாஹ் உன் படிப்பிலும் உன் நாவிலும் பரக்கத் வைப்பானாக. ஒன்றே ஒன்று கேட்கிறேன் மகளே. நான் அழுதுகொண்டிருந்ததை நீ எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள். ஒரே ஒரு வரியில் மட்டும் என்னை எழுந்திருக்க விடு.

உனக்காக துஆ கேட்கும்,
உம்மா ஹபீபா