மருமகன் பெயரில் கொதித்த நெருஞ்சில்

மாமா,

இன்று காலை கடைக்கு ஓர் இளம்பெண் வந்தாள். போனில் பார்த்து ரேந்தை, நூல் சரிகை, பின்னப் பழகுகிறாளாம். "அங்கிள், புதுசாப் பழகிறவங்களுக்கு எந்த ஊசி நல்லம்?" என்று கேட்டாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து நடுத்தரப் பருமனில் ஒரு கொக்கி ஊசியை எடுத்தேன். கறுப்பு நூல் கேட்டாள். வேண்டாம் மகள், கறுப்பில் கண்ணி தெரியாது, வெள்ளையை எடு, கை பழகும் வரைக்கும் தடித்த நூல்தான் நல்லது என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் விரல் தன்பாட்டில் நூலைச் சுற்றி, கொக்கியை நுழைத்து இழுத்து, ஒரு சாண் சங்கிலி பின்னிவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆம்புளைக்கு இது எப்பிடித் தெரியும்?"

யாருக்காகப் பழகினேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் போன பிறகு உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்போல் இருந்தது.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து அடுத்த வருடம் அது. நான் உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து அதிக காலம் ஆகவில்லை. நம்மூர் வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, நீங்களும் மாமியும் அதே வளவின் பின்பக்கம் சின்னதாய் ஒரு வீடு கட்டி இறங்கியிருந்தீர்கள். நீங்கள் சாகாமத்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை. வரம்பில் நின்று நீங்கள் கூப்பிட்டால் குளக்கட்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். நானோ எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, கல்முனைக் கடைத்தெருவில் ஊசி, நூல், பொத்தான் விற்கிறவன். மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று என் கடைக்குள்ளேயே நின்றுகொண்டு, "கடை எங்க?" என்று கேட்டீர்களே, அதை நான் மறக்கவில்லை.

அந்த வருடம் நீங்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போவதை நிறுத்தினீர்கள். பள்ளிவாசலில் எப்போதும் முன் வரிசையில் நிற்கிற மனிதர். பள்ளியை நடத்துகிற மரைக்காயர்மாரோடு ஏதோ கோபம் என்றது ஊர். "மருமகனோட என்னமோ மனத்தாங்கல்" என்று மாமி என் காதுபடவே சொன்னார். நான் அதை நம்பினேன். என்மேல் கோபப்பட என்ன காரணம் என்று யோசித்துப் பார்த்தேன். நிறையக் காரணங்கள் கிடைத்தன.

ஒரு வெள்ளிக்கிழமை தொப்பியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். வளவில் யாரும் இல்லை. கிணற்றடியில் நீங்கள் குந்தியிருந்து உங்கள் சாரனை நீங்களே தோய்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் கை நின்றது.

"இஞ்ச வாங்க மருமகன். ஒருத்தரிட்டயும் சொல்லப்படா."

பிறகு தண்ணீர் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "மூத்திரம் முழுசாப் போகுதில்ல. போய்ட்டு வந்தா மறுகாச் சொட்டுது. தொழுகையில குனிஞ்சாச் சாரன் நனையுது. கைகால் கழுவி எடுத்த வுழு முறிஞ்ச மனிசன் முன் வரிசைல நிண்டு என்ன தொழுகை? பள்ளிப் பாயும் அசுத்தமாகிரும்."

நான் இன்னொரு வாளி தண்ணீர் அள்ளிப் பக்கத்தில் வைத்தேன்.

"ஊருக்கெல்லாம் குளத்துத் துருசு திறந்து தண்ணி விடுறன். என்ட துருசு பழுதாப் போச்சு" என்று நீங்களே சிரித்தீர்கள். சிரிப்பு கண்வரைக்கும் வரவில்லை. பள்ளிக்குப் போகாத மனிதர் பிறகு கலியாண வீட்டுக்கும் போகவில்லை, வயல் கூட்டத்துக்கும் போகவில்லை. எங்கள் கண்முன்னாலேயே நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தீர்கள்.

பெரியநீலாவணையில் நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பரிசாரியார் இருந்தார். நீங்கள் வரமாட்டேன் என்றீர்கள். நான் போய் உங்கள் நோயை எனக்கு வந்த வருத்தமாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிக்கு என்ன வயசு?"

"முப்பது."

"இந்த வயசிலயா? ம்."

நெருஞ்சில் முள்ளும் சிறுபீளையும் கட்டித் தந்தார். இடித்துக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். பூசணி விதையை வறுத்து மெல்ல வேண்டும். பொழுதுபட்ட பிறகு தேத்தண்ணீரைக் குறைக்க வேண்டும். எழும்பும்போது ஒன்று சொன்னார்: "இது நீர்க்கடுப்பைத்தான் குறைக்கும் தம்பி. அடைச்சுக்கொண்டா என்னட்ட வராதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

பொட்டலம் மாமியின் கையில் அகப்பட்டது. "இது ஆருக்கு?" என்றார். நீங்கள் கூரையில் பல்லி தேடினீர்கள்.

"எனக்குத்தான் மாமி."

அன்றிலிருந்து என் பெயரில் நெருஞ்சில் கொதித்தது. மண்ணைக் காய்ச்சின மாதிரி ஒரு ருசி. முதல் நாள் நான் மூக்கைப் பிடித்துக் குடிக்கும்போது நீங்கள் மாமியிடம், "மருமகன் தனியக் குடிச்சா வெக்கப்படுவார். எனக்கும் ஒரு கோப்பை ஊத்து" என்றீர்கள். நாம் இருவரும் எதிரெதிரே இருந்து குடித்தோம். உங்களுக்குக் கடுப்புக் குறைந்தது. சொட்டு நிற்கவில்லை. எனக்கோ, இல்லாத வருத்தம் ஊர் முழுக்கப் பரவியது. பக்கத்துக் கடைக்காரர் இளநீர் கொண்டுவந்து வைத்தார். பொத்தான் வாங்க வந்த பெண்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

தொழுகை விசயத்தை மௌலவியிடம் கேட்கப் போனதும் நான்தான். "என்ட கூட்டாளி ஒருத்தருக்கு" என்று தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்கட கூட்டாளி ஒவ்வொரு தொழுகை வக்தும் நுழைஞ்ச பிறகு சுத்தம் செஞ்சு, துணி கட்டி, புதுசா வுழு எடுத்துத் தொழட்டும். அதுக்குப் பிறகு சொட்டினா அவர்ர குத்தமில்ல. அல்லாஹ் ஒருத்தரையும் ஏலாத காரியத்துக்குப் புடிக்க மாட்டான்." பிறகு என் தோளில் கை வைத்து, "உங்கட கூட்டாளிக்கு நான் துஆ செய்யிறன்" என்றார். குரலில் அவ்வளவு பரிவு.

துணி கட்டிப் பார்த்தோம். குனிந்தால் நழுவியது. இடுப்பில் கட்ட ஒரு பை வேண்டும். தையற்காரரிடம் சொல்ல முடியாது. அவர் மெசினைவிட வாய் வேகமாக ஓடும். கடை நிறையக் கொக்கி ஊசி வைத்திருக்கிற நான் ஒரு பை பின்ன மாட்டேனா என்று நினைத்தேன். எனக்கே ஒரு தொப்பி பின்னப் போகிறேன் என்று உங்கள் மகளிடம் பொய் சொல்லி, பழக்கச் சொன்னேன்.

மாமா, நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது சுகம். நூல் என் சொல் கேட்கவில்லை.

"கழுத்த நெரிக்கிற மாதிரி நூலப் புடிக்காதீங்க. சுட்டு விரல்ல தளர ஓட விடுங்க" என்பாள். தளர விட்டால் கண்ணிக்குள் விரல் போகும். இறுக்கினால் கொக்கி போகாது. "முதல்ல சங்கிலி மட்டும் போடுங்க. எல்லாக் கண்ணியும் ஒரே அளவா வந்த பிறகு மத்தது." வரி போடத் தொடங்கினேன். போகப் போக அகலம் குறைந்தது.

"ஒவ்வொரு வரியும் முடிய எண்ணிப் பாருங்க. கடைசிக் கண்ணிய விட்டுட்டுத் திரும்புறீங்க, அதான் ஓரம் ஒடுங்குது. கடையில காசு எண்ணுறதும் இப்பிடித்தானா?"

அவிழ்த்தேன், பின்னினேன், மறுபடி அவிழ்த்தேன். ஒருவழியாய் முடிந்ததைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது தொப்பியா, கருவாட்டுப் பையா?"

"எனக்கு நீளத் தலை."

"உள்ளுக்கு ஒண்டும் இல்லாத தலைக்கு இவ்வளவு பெரிசா?"

அந்தக் கருவாட்டுப் பைக்குள் துணியை மடித்து வைத்து, சங்கிலிப் பின்னலில் ஒரு கயிறும் கோர்த்துத் தந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் பள்ளிக்கு வந்தீர்கள். முன் வரிசைக்குப் போகவில்லை. வாசலுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் நின்றீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். எல்லாரும் எழும்பிப் போன பிறகும் நீங்கள் எழும்பவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

அறுவடைக் காலத்தில் ஒரு காலை, ஒரு சொட்டும் போகாமல் அடைத்துக்கொண்டது. அடிவயிறு றபான் மேளம்போல் விறைத்துவிட்டது. முகமெல்லாம் வியர்வை. "இன்னொரு கோப்பை கஷாயம் தாங்க, போகும்" என்றீர்கள். பரிசாரியார் சொன்னது என் காதில் கேட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் மாமா."

"மாமிக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியட்டும்."

"ஏலா. இப்பிடியே மௌத்தானாலும் பரவால்ல."

நீங்கள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போகவும் எனக்குப் பலமில்லை. பாயில் உங்கள் பக்கத்தில் இருந்து கெஞ்சிக்கொண்டிருக்கும்போது மாமி வாசலில் வந்து நின்றார். கையில் கழுவி மடித்த சாரன்.

"கார் வந்திட்டு. எழும்புங்க."

"ஒனக்கு ஆரு சொன்ன?"

"நீங்க எண்டைக்கு உங்கட சாரனத் தோய்ச்ச மனிசன்? அண்டைக்கே தெரியும்."

"பின்ன என்னத்துக்கு மருமகனுக்குக் கஷாயம் காய்ச்சின?"

"அவருக்குக் காய்ச்சினாத்தானே நீங்க குடிக்கிற."

நான் சிரித்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் உங்கள் மகளும் சிரித்தாள். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிப்பாட்டாதீங்க, நோகுது" என்று சொல்லிக்கொண்டே எழும்பி நடந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். பிறகு மட்டக்களப்பில் ஒப்பரேசன். டொக்டர் இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சிறுநீரகமே பழுதாகியிருக்கும் என்றார். இரண்டு மாதத்தில் நீங்கள் முன் வரிசைக்குத் திரும்பினீர்கள், பிறகு குளக்கட்டுக்கு. என் பிள்ளைகளைத் தோளில் வைத்துச் சாகாமம் காட்டினீர்கள். அல்லாஹ் உங்களை அழைத்தது வேறு காரணத்துக்காக, எத்தனையோ வருடம் கழித்து.

இப்போது உங்களுடைய அன்றைய வயதை நான் தாண்டிவிட்டேன். போன வருடம் எனக்கும் அதே கோளாறு தொடங்கியது. பகல் சாப்பாட்டில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். மூத்த மருமகன் சோற்றைப் பிசைந்தபடியே, "செவ்வாய்க்கிழமதான் கிளினிக். நான் கூட்டிப் போறன் மாமா" என்றார். அவ்வளவுதான். தினமும் விழுங்கக் குளிசை தந்திருக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறேன்.

உங்களால் எனக்கு வந்த ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் வழமையாக வருகிற ஒரு முதியவரைச் சில வாரம் காணாவிட்டால், யாரோடு கோபம் என்று நான் விசாரிப்பதில்லை. வீட்டுக்குப் போகிறேன். தேத்தண்ணீர் குடிக்கிறேன். மெதுவாகக் கதையைச் சொல்கிறேன். உங்கள் பெயரைச் சொல்வதில்லை, பயப்படாதீர்கள். சொட்டினது, கஷாயம் குடித்தது, பை கட்டினது, கிளினிக்குக்குப் போனது, எல்லாம் எனக்கே நடந்ததாகத்தான் சொல்கிறேன். அன்று அது பொய். இன்று பாதிக்கு மேல் உண்மை.

போன கிழமை அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். அவர் முதலில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கருவாட்டுப் பை வந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அண்ணன் முறை வைத்து, குரலைத் தாழ்த்தி, "காக்கா, அந்தக் கிளினிக்குக்கு எத்தின மணிக்குப் போகணும்?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கும் முன் குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி பதில் சொன்னார்.

"ஏழு மணிக்கு வெளிக்கிட்டாச் சரி. நானும் வாறன்."