ருக்கு அவுட் ஆன சாயங்காலம்

சரோஜினி நகர்,
புது தில்லி.
14-3-1979

அன்புள்ள உங்களுக்கு விசாலாக்ஷியின் நமஸ்காரம்.

நானும் ருக்குவும் சௌக்கியம். கௌஹாத்தியில் உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? மெஸ்ஸில் காரம் அதிகமென்றால் தயிர் மட்டும் விட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். இங்கே குளிர் விட்டுவிட்டது. ரஜாய்ப் போர்வைகளை வெயிலில் காயப்போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய பெங்களூர் விடுதியின் விண்ணப்பம் வந்தது. நம் ருக்கு மாதிரி புத்தி வளர்ச்சி குறைந்த குழந்தைகளை அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று உங்கள் அண்ணா மகாதேவனும் எழுதியிருந்தார். பதினொரு வயதுப் பெண்ணைத் தனியாக எத்தனை நாள் சமாளிப்பாய் என்று நீங்கள் கேட்டதும் நியாயம்தான். ஜூனில் நீங்களே வந்து அழைத்துப் போகலாம் என்று நானும் கையெழுத்துப் போடத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் கீழே சத்தம் கேட்டது.

ருக்கு மூன்று மாதமாகத் தினமும் பிள்ளைகளோடு பிட்டூ விளையாடுகிறாள் என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? அதில் பாதி என் சாமர்த்தியம். இந்த ஏழு கல் ஆட்டத்தில் அவளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான்தான் பிள்ளைகளுக்கு முறுக்கும் சீடையும் கொடுத்துவந்தேன். அவள்மேல் பந்து பட்டாலும் அவுட் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். ஒப்புக்குச் சப்பாணியாக ஓடட்டும், அதுவே போதும் என்றிருந்தேன்.

அன்று கீழ்வீட்டு செல்வி எறிந்த பந்து ருக்குவின் முதுகில் பட்டது. செல்வி அவுட் என்று கத்திவிட்டாள். ருக்கு ஓவென்று அழுதாள். நான் செருப்புக்கூடப் போடாமல் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. அந்தப் பெண் அசரவில்லை. "மாமி, அவ ஒருத்தியே நாலு கல் அடுக்கிட்டா. இன்னும் மூணு வெச்சிருந்தா நாங்க தோத்திருப்போம். அவுட் பண்ணாம என்ன பண்றது? பேயிமானி பண்ணி, ஏமாத்தி ஆடச் சொல்றீங்களா?" என்றாள்.

கீழே போட்டுவிடுவாள் என்று வீட்டில் நாலு தட்டை எடுத்து அடுக்க நான் ருக்குவை விட்டதில்லை. முகத்தைத் துடைத்துவிடப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு, அவுட் ஆன பிள்ளைகளோடு சுவரோரம் போய் உட்கார்ந்து அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. மறுநாள் முறுக்கை நிறுத்திவிட்டேன். ஆனாலும் பிள்ளைகள் அவளைக் கூப்பிட மாடிக்கு வந்தார்கள்.

விண்ணப்பத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் பேச்சை மீறுவது இதுதான் முதல் தடவை. அண்ணாவுக்கும் நானே எழுதிவிடுகிறேன். விடுதி நல்ல இடமாகவே இருக்கலாம். ஆனால் இங்கே இவளிடம் தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே இருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

கோபித்துக்கொண்டு லீவை மட்டும் ரத்து செய்துவிடாதீர்கள். ஜூனில் அவசியம் வாருங்கள். வந்ததும் கீழே இறங்கி அவளோடு ஒரு ஆட்டம் ஆடுங்கள். பாவம் என்று விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
விசாலாக்ஷி