அறிக்கையில் என் பெயர் வேண்டாம்

ஷெட்லாந்து, 2024 மார்ச் 25.
இன்று எனக்கு எண்பத்து மூன்று வயது, ஐந்து மாதம், இரண்டு நாள்.

அன்பு மகள் ஓஸ்லாவுக்கு,

வயது அனுமதிக்கும் அளவுக்கு நலமாக இருக்கிறேன். வெலிங்டனில் நீயும் மருமகனும் குழந்தையும் அதைவிட நன்றாகவே இருப்பீர்கள் என நம்புகிறேன். மூன்று நாளாகப் புயற்காற்று, கப்பல் வரவில்லை, கடையில் பால் தீர்ந்துவிட்டது, ஆகவே எல்லோரும் வழக்கம்போல் கவுன்சிலைத் திட்டுகிறார்கள். நம் கடலில் வரவிருக்கும் புதிய எண்ணெய் வயலுக்கு எதிரான உங்கள் குழுவின் அறிக்கையில், கையெழுத்திட்டவர்களில் என் பெயரை முதலாவதாகப் போட அனுமதி கேட்டிருந்தாய். போடாதே. காரணத்தைத் தொலைபேசியில் கேட்டால் பொய் சொல்லிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் ஊர் மன்றத்தில் கூட்டம் நடந்தது. கவுன்சிலிலிருந்து வந்த பெண் சுற்றி வளைக்கவில்லை. கடலடிக் குழாய் வழியாக நம் முனையத்துக்கு வரும் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது, அந்தப் பணத்தில் கட்டியதையெல்லாம் இனி நடத்த முடியாது, வெந்நீர் நீச்சல் குளத்தைப் பாதி நாள் மூடுவோம், முதியோர் இல்லத்தை முழுவதுமாக மூடி அங்கிருப்பவர்களைத் தலைநகர் லெர்விக்குக்கு அனுப்புவோம் என்றாள். புதிய வயலின் எண்ணெய் நம் வழியாக வந்தால் எல்லாம் தப்பும், அதை ஆதரித்து ஊர் கடிதம் எழுதுமா, கை தூக்குங்கள் என்றாள். ஒரே குழாயை நம்பி ஒரு தீவு வாழலாமா என்று உன் வகுப்புக்கே பரீட்சையில் கேள்வி போட்டவள், எண்ணெய் வருமானத்திலிருந்து முதியோருக்குக் கிறிஸ்துமஸுக்குத் தரும் பணத்தை ஆண்டுதோறும் திருப்பி அனுப்பி அதை ஊரறியச் செய்தவள், நான் கையைத் தூக்கினேன். முனையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பழைய மாணவன் டாமி பக்கத்திலிருந்து சிரித்தபடி குனிந்து, “டீச்சர், கை பிடிச்சுக்கிச்சா, இல்ல நெசமாவே தூக்கினீங்களா?” என்றான். “எண்ணிக்கைல சேத்துக்கோ, டாமி” என்றேன். அவன் அதற்குமேல் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

இந்த ஊரில் அப்படியே விட்டுவிடுவார்களா? குழுக்களாக வேடமிட்டு ஊராரை நையாண்டி செய்யும் இந்த மாதத் தீத்திருவிழாவில் ஒரு குழு என்னைப் போல் வேடம் கட்டியது. தாடி வைத்த ஒருவன் என் சாம்பல்நிறச் சால்வையைப் போல் ஒன்றைப் போர்த்திக்கொண்டு, ஊதி உப்பிய ரப்பர் குளத்தில் உட்கார்ந்தபடி, “எண்ணெய் நம்மள நாசமாக்கிடும், மக்களே! யாருப்பா அங்க, தண்ணி ஆறிப்போச்சு, சூடு ஏத்து!” என்றான். மன்றமே அதிர்ந்தது. முன்வரிசையில் நானும் சிரித்தேன். நையாண்டியில் மிகை இருந்தால் மன்னித்துவிடலாம், இதில் ஒரு சொல்லும் மிகையில்லை. என் கொள்கைக்கு ஏதும் ஆகவில்லை. இன்றும் புள்ளிவிவரம் உன் பக்கம்தான். நான்தான் உன் பக்கம் இல்லை, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நீ அறிக்கையை வெளியிடு, என்னைப் பார்த்துத் தயங்காதே. குழந்தைக்குப் பின்னிய கம்பளிச் சட்டை கப்பல் வந்ததும் புறப்படும். வெந்நீரில் துவைத்துப் பாழாக்காதே. மூவரும் நீண்ட நாள் நலமாக இருங்கள், என்னைவிட நேர்மையாகவும்.

ஒன்றை மறக்காதே. ஜூனில் வரும்போது நேராக நம் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டாதே, அங்கே யாரும் இல்லை. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, உனக்குச் சொல்லாமலே, இரண்டரை ஆண்டாக நான் அந்த முதியோர் இல்லத்தில்தான் இருக்கிறேன்.

உன் அம்மா,
ஜெமைமா மௌவட்