விரால் கேட்ட தங்கச்சிக்கு

மரியே வாழ்க

மாசி,
ஒக்லாந்து.

அன்புள்ள தங்கச்சி ஸ்ரெல்லா அறிவது,

நான் சுகம். உன் மகள் தனுஷிகாவும் மருமகனும் பேரனும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை என்னைப் பேசிய பேச்சுக்குப் பிறகு அப்படி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

பேசிவிட்டுத் தொலைபேசியையும் பட்டென்று வைத்துவிட்டாய். குரல் பதிவு அனுப்பினால் கேட்கிறாய் இல்லை. ஆகையால் கடிதம். இதை இடையில் வெட்ட உன்னால் முடியாது. என் கூட்டாளி டெஸ்மன் மன்னாருக்கு வருகிறான், உன் கையிலேயே தருவான். நீ கிழித்துப் போட்டாலும் மிச்சத்தை வாயால் சொல்லிவிட்டுத்தான் போவான், அவனும் அன்றைக்கு என்னோடு குளத்தடியில் நின்றவன்.

"நாலு பக்கமும் கடல் இருக்கிற நாட்டில இருந்துகொண்டு என்ர பிள்ளைக்கு ஒரு மீன் குடுக்க வக்கில்லையோ, நீயும் ஒரு தாய்மாமனோ" என்று கேட்டாய். யாரைப் பார்த்துக் கேட்டாய்? பேசாலைக் கரையில் பதினொரு வயதில் தன்னந்தனியாக ஆளுயரத் திருக்கையை இழுத்துப் போட்டவனைப் பார்த்துக் கேட்டாய். நீ அப்போது ஏணைத் தொட்டிலில் கிடந்தாய், ஆகவே அது பொய் என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை. இந்த ஒக்லாந்தில் நான் எங்கே தூண்டில் போடுகிறேன் என்று பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் தங்கள் கதிரையை விரிப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு ஒரு மீன் கிடைக்காமல் போகுமா? கிடைத்தது. கிடைத்த பிறகு நடந்த அநியாயத்தைத்தான் கேள்.

முதலில் பிள்ளையின் நிலைமை. தனுஷிகா சாப்பிடுகிறாள் இல்லை. வயிற்றை வெட்டித்தானே குழந்தையை எடுத்தார்கள். அந்தப் புண் ஆறுகிறது, ஆனால் மெத்தச் சுணக்கம் என்று வீட்டுக்கு வருகிற நேர்ஸ் சொல்லுகிறாள். உன் மருமகன் வெற்றி தன்னாலானதைச் சமைக்கிறான். அவனுடைய தாய் திருச்சியிலிருந்து கைபேசியில் சொல்லச் சொல்ல, பூண்டுக் குழம்பும் பருப்பும் வைக்கிறான். எல்லர்ஸ்லியில் கம்பியூட்டர் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் நிற்கிறான். அவள் இரண்டு வாய் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது கண்ணால் வழிந்துகொண்டிருக்கும். ஏன் மோனை என்று கேட்டால் "ஒண்டுமில்லை மாமா" என்பாள்.

இதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? விரால் மீன் சொதி கொடு, புண் ஆறும், வாய்க்கும் பிடிக்கும் என்றாய். நான் கடல்மீன் வாங்குகிறேன் என்றதற்கு, கடல்மீன் கிரந்தி, பச்சைப் புண்ணுக்கு ஆகாது, குளத்து விரால்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். ஸ்ரெல்லா, இந்த நாட்டில் விரால் கிடையாது. ஒடாஹுஹுவில் நான் ஏறி இறங்காத மீன்கடை இல்லை. கைபேசியில் விராலின் படத்தைக் காட்டினால், இந்தப் பாம்பை ஏன் தேடுகிறாய் என்று கேட்கிறார்கள்.

ஆனால் உன் அண்ணனுடைய மூளை சும்மா இருக்குமா? விராலுக்கு மூத்த அண்ணன் யார்? விலாங்கு. வழுவழுப்பு ஒன்று, சேற்று வாழ்க்கை ஒன்று, ஆகவே குணமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இதைப் படித்தவர்கள் ஒருவரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றதால் எனக்குப் பிடிபட்டது. வடக்கே ஒரு நன்னீர் ஏரியில் விலாங்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை டெஸ்மனின் வான் வண்டியில் புறப்பட்டோம்.

ஏரி என்றால் நம் கட்டுக்கரைக் குளம் மாதிரி என்று வைத்துக்கொள். தண்ணீர் மட்டும் பச்சை. பெயின்ற் கரைத்த பச்சை. முப்பது வருடம் பெயின்ற் அடித்தவன் சொல்கிறேன், அந்த நிறத்தை ஒருவரும் வீட்டுச் சுவருக்குக் கேட்கமாட்டார்கள். கரையில் இரண்டு பலகை நின்றன. ஒன்று அரசாங்கத்தினுடையது. மீன் படங்கள் போட்டு, இந்த மீன்களைப் பிடித்தால் உயிரோடு திரும்ப விடாதே, தண்ணீரில் நஞ்சுப் பாசி இருக்கிறது, குடலையும் ஈரலையும் தின்னாதே, சதையை மட்டும் கழுவிச் சாப்பிடு என்று எழுதியிருந்ததாம். டெஸ்மன் வாசித்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. தலை இல்லாமல் ஒரு சொதியா? மீன் தலையைக் குப்பையில் போடுகிற ஆட்களுக்காக எழுதிய பலகை அது, நமக்கில்லை என்று சொல்லிவிட்டேன். மற்றது கையால் எழுதிய பலகை, இங்கிலீசும் இல்லை. அது அந்த ஊர்க் கோயில் திருவிழா அறிவித்தல் என்று நான் டெஸ்மனுக்கு விளங்கப்படுத்தினேன்.

தூண்டில் போட்டேன். முதலில் பேர்ச் என்கிற வரி மீன் இரண்டு. பிறகு ஒரு இழுவை. என்ன இழுவை! டெஸ்மன் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, வான் பின்னால் நின்று எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வந்தது விலாங்கு. நீளம் உன்னுடைய உயரம் இருக்கும். பருமன் என் தொடை அளவு. டெஸ்மன் வேறு அளவு சொல்லுவான், நம்பாதே, அவன் கண்ணாடி போடாமல் வந்தவன்.

அப்போதுதான் இந்த நாட்டுப் பூர்வீகக் குடியான மாவோரி அம்மா ஒருவர் கரையால் நடந்து வந்தார். எழுபது வயதிருக்கும், ரப்பர் சப்பாத்து, ஆண்பிள்ளைக் குரல். கையெழுத்துப் பலகையைக் காட்டி, உனக்கு வாசிக்கத் தெரியாதோ என்று கேட்டார். அது திருவிழா அறிவித்தல் இல்லையாம். 'ராஹூய்' என்று அவர்களுடைய முறை. ஒரு இடம் களைத்துப்போனால் அதற்கு ஓய்வு கொடுத்து, ஒருவரும் கைவைக்கக் கூடாது என்று ஊர் கூடிச் சொல்வது. ஒரு காலத்தில் இந்த ஏரியில் கூடை கூடையாக விலாங்கு எடுத்தார்களாம். பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் பெருகிச் சேற்றைக் கிளறி, வயல் உரமும் வழிந்து வந்து, தண்ணீர் இப்படிப் பச்சையாகிவிட்டது. இப்போது எங்கள் செத்தவீட்டுச் சாப்பாட்டுக்குக்கூட நாங்கள் இதில் விலாங்கு எடுப்பதில்லை, நீ யார் எடுப்பதற்கு என்றார்.

நான் விடுவேனா? என் தங்கச்சியின் பிள்ளையை வயிற்றில் வெட்டிக் கிடத்தியிருக்கிறது, அவளுக்கு மருந்துக்குத்தான் எடுத்தேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் முழங்கினேன். அந்த மனுசிக்கு உடனே முகம் மாறிவிட்டது. பால் கொடுக்கிறாளா என்று கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் இந்தத் தண்ணீரில் இப்போது நீந்துகிற எதையும் அவளுக்குக் கொடுக்காதே, பெரிய மனிசர் சதையைக் கழுவித் தின்றால் தப்பலாம், பச்சைக் குழந்தையின் தாயிடம் அந்த விளையாட்டு வேண்டாம் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

பிறகு விலாங்கைக் காட்டி ஒரு கதை சொன்னார். இவ்வளவு பெரியது என்றால் அது பெண்தானாம். எண்பது வயதும் இருக்கலாமாம். வாழ்நாள் முழுக்க இந்தச் சேற்றில் கிடந்துவிட்டு, கடைசியில் ஒரு நாள் புறப்படுமாம். வாய்க்கால், ஆறு, ஈரப் புல்லு எல்லாம் கடந்து கடலில் இறங்கி, தொங்கா தீவுப் பக்கம் வரைக்கும் நீந்திப்போய்க் குஞ்சுக்கு முட்டை போடுமாம். வழியில் ஒன்றும் தின்னாதாம். இதை நீ இன்றைக்குக் கறியாக்கினால் அந்தப் பயணமும் போய்விட்டது, அதன் குஞ்சுகளும் போய்விட்டன என்றார்.

சரி என்று நானே குனிந்து தண்ணீரில் விட்டேன். அது திரும்பியும் பார்க்காமல் போனது. அந்த அம்மா போகும்போது, பிள்ளையின் தாய் எங்கே, ஏன் மாமன்காரன் மீனுக்கு அலைகிறான் என்று கேட்டார். அடுத்த மாதம் வருகிறா, ரிக்கற் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

இனித்தான் எனக்கு அவமானம். பேர்ச் இரண்டையும் வானில் கால்மிதிக்குக் கீழே போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். விலாங்குக்குத்தானே ராஹூய், இது உயிரோடு விடக்கூடாத மீன்தானே, குடலையும் ஈரலையும் எடுத்துவிட்டுக் கொதிக்கக் கொதிக்க வைத்தால் எந்த நஞ்சும் சாகும் என்பது என் கணக்கு. நம் முறையில் தலையோடு போட்டு, பச்சை மிளகாய், வெந்தயம், கட்டித் தேங்காய்ப்பால், கடைசியில் தேசிக்காய்ப்புளி. வீடு முழுக்க மணந்தது. அன்றைக்கும் வேலைக்குப் போன வெற்றி வந்து, மீன் எங்கே பிடித்தது என்று கேட்டான். நான் பெருமையாகச் சொன்னேன். கைபேசியைத் தட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "கொதிக்க வச்சாலும் போகாதுன்னு போட்டிருக்கான் மாமா! பால் குடுக்கிறவ மாமா, பச்சப் புள்ள மாமா!" என்று கத்திக்கொண்டே சட்டியோடு தூக்கிப் போய்க் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டான். வாய்திறந்து பேசாத பொடியன் என்னைப் பார்த்துக் கத்தினான். நானும் சும்மா விடவில்லை, மீன் வாசம் அறியாத நீ எனக்குப் படிப்பிக்கிறாயோ என்று பதிலுக்குக் கத்தினேன்.

இந்தச் சத்தத்துக்குள் அறைக்கதவு திறந்தது. தனுஷிகா. எழுந்து வா என்று எத்தனை பேர் கெஞ்சியும் வராதவள், வயிற்றை ஒரு கையால் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்கு வந்தாள். தலைகூட வாரி இழுக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் பார்த்தாள். "அம்மா வந்திட்டாவோ?" என்று கேட்டாள்.

சொதி மணத்துக்கு வந்திருக்கிறாள், ஸ்ரெல்லா.

வெற்றிதான் அவளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினான். பிறகு அவன் செய்ததைக் கேள். பிறந்ததிலிருந்து மீன் தொடாதவன், அடுத்த நாள் ஒடாஹுஹுவுக்குப் போய், மூக்கைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, பால் கொடுக்கிற தாய் சாப்பிடலாம் என்று நேர்ஸ் சொன்ன கடல்மீனைக் கேட்டு வாங்கி வந்தான். கிரந்தி என்று நீ சொன்னதை நான் சொன்னேன், அவன் கேட்கவில்லை. என்னை ஓரமாக இருக்கச் சொல்லிவிட்டு, தனுஷிகா கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, தானே செதில் எடுத்துச் சொதி வைத்தான். இடையில் இரண்டு தரம் வாசலுக்கு ஓடிப்போய் ஓங்காளித்துவிட்டு வந்தான். மாதா கோயிலில் மோதிரம் மாற்றாதவன் என்று நீ இத்தனை காலம் அவன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. கோயிலில் மாற்றியவர்களிலும் இப்படி ஒருவனை நான் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் நாலு வாய் சாப்பிட்டாள். நல்லாயிருக்கு என்றாள். பிறகு கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, அம்மா வைக்கிற மாதிரி இல்லை என்றாள்.

இனி நான் எங்கே போய் எதைப் பிடிப்பது, சொல்லு பார்ப்போம். விசா வந்து கிடக்கிறது. ஆடு குட்டி போடப்போகுது என்றாய், போட்டுவிட்டது. முழங்கால் என்றாய், அது மடு மாதா கோயிலுக்கு நடந்து போகும்போது நோகவில்லை. தனியாகப் பிளேனில் ஏறப் பயம் என்றாய், டெஸ்மன் திரும்பி வரும்போது உன் பக்கத்துச் சீற்றில் இருப்பான். உண்மையான காரணம் என்னவென்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அறைக்குள் படுத்திருக்கிறவளுக்கும் தெரியும். அதை நான் எழுதவில்லை. ஒரு விலாங்கு, எண்பது வயதில், விசாவும் இல்லாமல், துணையும் இல்லாமல், இன்னும் கண்ணால் காணாத குஞ்சுக்காகச் சமுத்திரம் தாண்டுகிறது. உனக்கு அறுபத்திரண்டு. பிளேனில் சாப்பாடும் தருவார்கள்.

பேரனுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கொடுப்போம் என்று வெற்றியே சொன்னான், அம்மா வரட்டும் என்று தனுஷிகா சொல்லிவிட்டாள். மூக்கு அப்படியே என்னுடையது.

வரும்போது விரால் கொண்டுவராதே, விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். கருவாடும் வேண்டாம், ஊறுகாயும் வேண்டாம். வெறுங்கையோடு வா. அந்தக் கையைத்தான் இங்கே ஒருத்தி தேடுகிறாள்.

மடு மாதா உன் முழங்காலுக்குப் பலத்தையும் உன் மனதுக்கு இளக்கத்தையும் தரட்டும்.

உன் வரவை நம்பி, அந்த மாவோரி அம்மாவுக்குக் கொடுத்த வாக்கையும் நம்பி இருக்கும்,

அண்ணன்
தோமஸ்