நான்காவது ஏரிக்குப் போகிற பொட்டலம்

என் தங்க மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ‘நலமாக இருக்கிறேன்’ என்று ஆரம்பித்து, அதை அடித்துவிட்டு இப்போது மறுபடி ஆரம்பிக்கிறேன். இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு. உயிரோடு இருக்கிறேன். வலது கை நன்றாக இருக்கிறது, அதனால்தான் எழுத முடிகிறது. இடது தோள்பட்டை எலும்பில் விரிசல், அந்தக் கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேல் பல் ஒன்று போய்விட்டது. பதறாதே. முதலில் பையை முதுகிலிருந்து இறக்கு. எங்காவது உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

நீ எழுதி வைத்துவிட்டுப் போனபடியே பொட்டலம் கட்டியிருக்கிறேன். அவல், வேர்க்கடலை, உலர்ந்த பழம், உப்பு, அடுப்புக்கான சின்ன சிலிண்டர், தீப்பெட்டி எல்லாம் இருக்கிறது. காலுறை இரண்டு ஜோடி கேட்டாய், நான்கு வைத்திருக்கிறேன். வாரா வாரம் நான்காவது ஏரிக் குடிலுக்கு மளிகை ஏற்றிப்போகிற கழுதைக்காரர் நாளை விடிந்ததும் வந்து வாங்கிக்கொள்வார். அவருடைய கழுதைகளுக்கு மூட்டைப் பை தைத்துக் கொடுப்பது நாம்தானே, அந்த விசுவாசம். குடில்காரரிடம்கூடக் கொடுக்க மாட்டேன், பாப்பா கையிலேயே கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தப்பு என் பக்கமிருந்துதான் ஆரம்பம்.

கிளம்புகிற அன்று ஒரு தாள் கொடுத்தாய். எந்த இரவு எந்த ஏரிக்கரையில் கூடாரம் போடுவாய், எந்த வழியாக இறங்குவாய் என்று வரிசையாக எழுதியிருந்தாய். “அம்மா, இதை பீரோவுல வை. பதினோராம் நாள் சாயங்காலத்துக்குள்ள நான் வரலேன்னா மட்டும் எடுத்துட்டுப் போய் வனத்துறை ஆபீஸ்ல குடு. அதுவரைக்கும் யார் கண்ணுலயும் பட வேண்டாம்” என்று மூன்று தரம் சொன்னாய். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். உன் பஸ் மூலை திரும்பியதும் கடைக்கு வந்து, தையல் மெஷினுக்கு நேர் மேலே சுவரில் குண்டூசி குத்தி மாட்டிவிட்டேன்.

பெருமைதான், வேறென்ன! குளியலறையில் கரப்பான் பூச்சியைப் பார்த்தால் தெருவே கூடும்படி கத்துகிற பெண், தன்னந்தனியாக மலையுச்சி ஏரிகளைச் சுற்றப் போயிருக்கிறாள் என்றால் எந்த அம்மாவுக்கு வாய் சும்மா இருக்கும்? லாரிக்குத் தார்ப்பாய் வாங்க வந்த ஒருவர், “வயசுப் பொண்ணையா தனியா அனுப்பினீங்க?” என்று வாயைப் பிளந்தார். “அவளாப் போனா. அனுப்பறதுக்கு நான் யாருங்க?” என்றேன். தினமும் காலையில் கடை திறந்ததும் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் ஒரு ஏரிக்கு ஒரு டிக் போடுவேன். செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஏரிக்குப் போட்டேன்.

அன்று மதியம் மாப்பிள்ளை வந்தான். வந்தார் இல்லை, வந்தான். நான்கு வருஷமாக ‘ர்’ போட்டுப் போட்டு நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம்.

உள்ளே வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினான். “எங்க அவ?” என்றான். தெரியாது என்றேன். தார்ப்பாய் ஓரத்தில் அடிக்கிற பித்தளை வளையம் இருந்த டப்பாவை எடுத்துச் சுவரில் அடித்தான். கடை முழுக்கச் சிதறியது. மறுபடி கேட்டான். தெரியாது என்றேன். என் கொண்டையைப் பிடித்து முகத்தை மெஷின் பலகையில் மோதினான். பல் அங்கேதான் போனது. வாய் முழுக்க ரத்தம், துப்பக்கூட விடவில்லை. நான் அவன் கையைக் கடித்தேன். நன்றாகவே கடித்தேன், சதை வந்தது. அதற்கு இன்னொரு முறை மோதினான். டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கெல்லாம் பிரேக் போடக் கற்றுக்கொடுக்கிறவன், தனக்குப் பிரேக் இருக்கிறதா என்று பார்த்ததே இல்லை, பாவி.

அப்போதுதான் சுவரைப் பார்த்தான். என் தலையை விட்டுவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். என் டிக்குகள் வேறு அவனுக்கு உதவின. படித்து முடித்துச் சிரித்தான். “செவ்வாய், புதன் ரெண்டு நாளும் மூணாவது ஏரி. தனியா. அங்க சிக்னலும் கிடையாது. ரொம்ப ஆழமாமே அத்தை அந்த ஏரி? விழுந்தா பாடிகூட கிடைக்காதாமே?” என்று கேட்டான். கத்தவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல நிதானமாகக் கேட்டான். தாளைக் கிழிக்காமல் எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

எனக்கு அந்த நிமிடம் வரை அவன்மேல் பயம்தான் இருந்தது. அதற்கப்புறம் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வாசலை மறித்து நின்றேன். தார்ப்பாய் சுருட்டுகிற இரும்புக் குழாயை எடுத்துத் தோளில் ஒரு போடு போட்டான். எலும்பு விரிசல் விட்ட சத்தம் எனக்கே கேட்டது. வாசலோரத்தில், துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் பாதி உடம்பு போக விழுந்தேன். அங்கே வளையம் அடிக்கிற சுத்தியல் கிடந்தது. தலை கனத்த, கட்டைப் பிடி போட்ட அந்தப் பழைய சுத்தியல்தான். அவன் என்னைத் தாண்டிப் போகக் காலைத் தூக்கி வைத்தான். வலது முட்டி என் முகத்துக்கு நேராக இருந்தது.

யோசித்துத்தான் அடித்தேன், மகளே. தலையில் போட்டால் செத்துவிடுவான். கையில் போட்டால் கட்டுப் போட்டுக்கொண்டு மலையேறி வந்துவிடுவான். முட்டி போனால் ஏற முடியாது. முதல் அடியிலேயே விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், இரண்டாவது போட்டேன். முட்டிச் சிப்பி உடைந்து உள்ளே நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. மூன்றாவது அடிக்கு அவசியமே இல்லை. அதை எனக்காக அடித்தேன். “அத்தை, அத்தை” என்று கத்தினான். அவன் வாயிலிருந்து அவ்வளவு மரியாதையாக அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ரத்தமாகக் கிடக்கிறோம். மனிதர் கையில் செம்பை வைத்துக்கொண்டு, “முதல்ல யாருக்குத் தண்ணி?” என்று கேட்டார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொதுவா வைங்க” என்றேன்.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இன்றைக்குக் காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருக்கும் பெண் எஸ்.ஐ. நல்ல மாதிரி. “யோசிச்சு அடிச்சேன்னு சொல்லாதீங்கம்மா, பதட்டத்துல கை ஓங்கிட்டேன்னு சொல்லுங்க” என்று காதோடு சொன்னாள். “நாலு வருஷமா பதறிட்டுத்தானே இருந்தேன், அப்பல்லாம் கை ஓங்கலையே” என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆக, மலையில் உனக்குப் பயமில்லை. அவன் வர மாட்டான். அவசரப்படாமல் ஏழு ஏரியையும் முடித்துக்கொண்டு, பதினோராம் நாள் நீ எழுதிய வழியிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கி வா. நான் உள்ளே இருந்தாலும் பஞ்சர் கடைக்காரர் ஆட்டோவோடு வந்து நிற்பார்.

இவ்வளவும் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. அவனுடைய அண்ணனும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். இப்போதுதான் போகிறார்கள். கையெழுத்தை அடித்துவிட்டு எழுதுகிறேன். மேலே நான் சொன்ன வழி வேண்டாம். இனிமேல் வருவதைக் கவனமாகப் படி.

அண்ணன்காரன் சத்தமே போடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். “நடந்தது நடந்துபோச்சு அத்தை. ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. ஆறு மாசம் படுக்கைதான்னு டாக்டர் சொல்லிட்டார். குளிப்பாட்ட, தூக்க, துடைக்க ஒரு ஆள் வேணும். கட்டினவ இருக்கறப்போ வெளியாள் எதுக்கு? அவ வந்து கூட இருக்கட்டும். நாங்க சமாதானமாப் போறோம்னு எழுதிக் குடுத்துடறோம், நீங்க நிம்மதியா கடையைப் பாருங்க. இல்லேன்னா கொலை முயற்சின்னு போகும். இந்த வயசுல ஜெயில்ல தரையில படுக்க உங்களால ஆகுமா?” என்றான்.

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “புருஷன்காரன் ரெண்டு அடி அடிக்கத்தான் செய்வான், அதுக்காகக் காலையா எடுப்பாங்க?” என்றாள். சுத்தியலைப் போலீஸ் எடுத்துப்போனது நல்லதாயிற்று.

போகும்போது அண்ணன்காரன் சட்டைப் பையிலிருந்து உன் தாளை எடுத்துக் காட்டினான். ஆஸ்பத்திரியில் தம்பியின் துணிமணியோடு கொடுத்தார்களாம். “பதினோராம் நாள் பஸ் ஸ்டாண்டுல நாங்களே காரோட நிப்போம். நீங்க யாரையும் அனுப்பி சிரமப்படாதீங்க” என்றான்.

இந்தப் பேரத்தை உன்னிடம் மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எப்படியும் யாராவது உன் காதில் போடுவார்கள். போட்டதும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், மலையிலிருந்து இறங்கின காலோடு நேரே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாய். அம்மா ஜெயிலுக்குப் போகக் கூடாது என்று உட்கார்வாய். ஆறு மாதம் கழித்து அவன் எழுந்து நிற்பான். அப்புறம் அந்த முட்டிக்கும் சேர்த்து உன்னை அடிப்பான்.

உன்னை அப்படி வளர்த்தவள் நான்தான். உதடு கிழிந்து வந்தாய். புதுசில் இப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும் என்று அனுப்பினேன். காது வீங்கி வந்தாய். அந்தக் காது இன்றுவரை உனக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதற்கும் அனுப்பினேன். மூன்றாவது தடவை முதுகில் இஸ்திரிப் பெட்டி சுட்ட காயத்தோடு வந்தாய். மருந்து போட்டு, அது காய்வதற்குள் நானே ஆட்டோ பிடித்து உன்னை அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். ஆட்டோ திரும்பும்போது நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் திரும்பிப் பார்த்தேன், ஆனால் ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று இருந்தது. அந்த நாலு பேரில் ஒருத்தர்கூட செவ்வாய்க்கிழமை ஷட்டருக்கு வெளியே நிற்கவில்லை. அவன் முட்டியை உடைத்ததற்கு எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. இதற்குத்தான் வருத்தம். இதற்கு எத்தனை வருஷம் கொடுத்தாலும் தகும்.

ஆகவே வழியை மாற்று. கழுதைக்காரரை இப்போதே கூப்பிட்டு விசாரித்துவிட்டேன். ஐந்தாவது ஏரிக்கு மேலே கற்களைக் குவித்து அடையாளம் வைத்த ஒரு கணவாய் இருக்கிறதாம். காலையில் சீக்கிரம் கிளம்பினால் மதியத்துக்குள் தாண்டிவிடலாம், மதியத்துக்கு மேல் காற்று ஆளைத் தள்ளும், ஏறாதே என்கிறார். அந்தப் பக்கம் இறங்கினால் வேறு ஊர், வேறு பஸ். என்னோடு பத்து வருஷம் மெஷின் மிதித்தாளே, பட்டன்காரி என்று கூப்பிடுவோமே, அவள் அங்கேதான் கூடாரம் தைக்கிற கம்பெனி வைத்திருக்கிறாள். அவளிடம் பேசிவிட்டேன். “உன் பொண்ணு தைக்கிற தையல் எனக்குத் தெரியும், நாளைக்கே மெஷின்ல உக்காரட்டும்” என்றாள். விலாசம் பொட்டலத்தின் அடி அட்டைக்குள் ஒட்டியிருக்கிறது. கைச்செலவுக்கு வேண்டியதைப் புதுக் காலுறை ஒன்றில் வைத்துத் தைத்திருக்கிறேன், பிரித்துக்கொள். என் கேசுக்கு நீ சாட்சி சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அங்கேயே ஒரு வக்கீலைப் பிடித்து அவர் மூலமாகச் சொல். ஊர்ப் பக்கம் வராதே.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதினால் நீ கேட்கப் போவதில்லை. கவலைப்படு, ஆனால் அங்கிருந்தே கவலைப்படு. ஜெயிலிலும் தையல் மெஷின் இருக்குமாம், எஸ்.ஐ. சொன்னாள்.

குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள். வழுக்குப் பாறையில் கால் வைக்கும்போது பார்த்து வை. உன் கால்களுக்கு எந்தக் குறையும் வராமல், போகிற இடமெல்லாம் நீ நிமிர்ந்து நடக்க வேண்டும்.

மூன்று முறை உன்னைத் திரும்பிப் போகச் சொன்னேன். மூன்று முறையும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போனாய். இப்போது திரும்பி வராதே என்கிறேன். இந்த ஒரு தடவையும் எதிர்த்துப் பேசாதே, கண்ணு.

உன்
அம்மா