ஒரு விரல்கடை

மார்ச் 3

வந்து சேர்ந்தோம். ஐந்து பெண்கள், ஒரு கோச், ஒரே ஒரு பாத்ரூம். வெளிநாட்டுப் பயிற்சி முகாம் என்று பேர்தான் பெரிது. அறையில் இரும்பு அடுக்குக் கட்டில், ஜன்னலைத் திறந்தால் ஏரி. எட்டாம் நாள் இதே ஏரியில் படகுப் போட்டி. படகில் நாலு இருக்கை. மூன்று முடிவாகிவிட்டது. நாலாவதற்கு நான், அல்லது என் நாத்தனார். எனக்கு நாற்பத்தாறு, அவளுக்கு இருபத்தொன்பது.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்ட அவள் அண்ணனிடம், "படகுல உட்கார்ந்து காட்டறேன் பாருங்க" என்று சவால் விட்டுவிட்டு, தையல் கடையைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். கரையில் நின்றுவிட்டு எந்த முகத்தோடு திரும்புவது?

கீழ்க்கட்டிலை அவளாகவே எனக்கு விட்டுக்கொடுத்தாள். ஏன்?

மார்ச் 4

வலது தோள் உயிரை எடுக்கிறது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. விட்டால் இருக்கை போச்சு.

சட்டை மாட்டும்போது நாத்தனார் பார்த்துவிட்டாள். "என்ன அண்ணி, வலிக்குதா?"

"வலியாவது ஒண்ணாவது."

கோச்சிடம் போய் வத்தி வைப்பாளோ?

மார்ச் 5

தோள் தேவலை. ராத்திரி தடவிய தைலம் கேட்கிறது போல.

ஆனால் துடுப்பு என்னவோ வேறு மாதிரி. கை பழகிய கனம் இல்லை. துடுப்பில் ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. அது இருக்கும் இடத்தில்தான் துடுப்பு படகின் மேல் உட்காரும். வந்த அன்றே கோச் ஐந்து துடுப்பிலும் ஒரே அளவில் முடுக்கிவைத்தார். அதை நாங்கள் யாரும் தொடுவதில்லை. என் பையில்தான் எப்போதும் இன்ச் டேப் கிடக்குமே, அளந்தேன். நாலு துடுப்பும் ஒரே அளவு. என்னுடையது மட்டும் ஒரு விரல்கடை தள்ளி இருக்கிறது.

தானாக நகருமா? நகராது. முடுக்கிய திருகு.

மார்ச் 6

நாத்தனாரின் ஜாக்கெட்டைக் காயப்போட எடுத்தேன். பாக்கெட்டில் கனமாக ஏதோ. திருகு முடுக்குகிற திருப்புளி.

இவள்தானா? என்னை இந்த கிளப்புக்கே இழுத்து வந்தவள் இவள்தானே! வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி... எதிர்ல சிரிச்சுட்டு பின்னால திருகாணி திருகுறியா? இருடி, உன்னை வெச்சுக்கறேன்.

நாளை டெஸ்ட். ஒரே இருக்கையில் முதலில் நான், பிறகு அவள், அவரவர் துடுப்போடு ஆயிரம் மீட்டர். வேகமானவளுக்கு இருக்கை.

மார்ச் 7

செய்துவிட்டேன். எல்லோரும் சாப்பிடப் போனபோது படகுக் கொட்டகைக்குப் போய், என் துடுப்பில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருந்ததோ, அவள் துடுப்பிலும் அதே பக்கம், அதே ஒரு விரல்கடை. என்னுடையதைத் திருப்பி வைக்கவில்லை, கை அதற்குப் பழகிவிட்டது. கணக்குத் தீர்ந்தது.

நான் நாலு நிமிடம் இரண்டு நொடி. அவள் நாலு நிமிடம் ஒன்பது. பாதி வழியில் அவள் துடுப்பு பிடியில்லாமல் முன்னே ஓடியது, படகே ஆட்டம் கண்டது. "என்னாச்சு உனக்கு?" என்றார் கோச். அவளுக்கும் தெரியவில்லை. இருக்கை எனக்கு.

கரை ஏறியதும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க அண்ணி. அவர் மூஞ்சி போற போக்கை நினைச்சாலே சிரிப்பா வருது!" கண் கலங்கியிருந்தது. நடிப்பா?

வீட்டுக்குப் போன் செய்யவில்லை. என் துடுப்பை அவள் கெடுத்திருந்தால் நான் எப்படி ஜெயித்தேன்?

மார்ச் 8

எங்கள் படகில் முதலில் உட்காருகிறவர் ஊரில் பல் டாக்டர். காபி குடிக்கும்போது அவரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்: அந்த வளையத்தை இப்படித் தள்ளினால் என்ன ஆகும்?

"இழுக்க லேசாகும். தோள் வலிக்காரங்களுக்கு அப்படித்தான் வெப்பாங்க. பலமா இழுக்கறவங்களுக்கு வெச்சா பிடிமானமே கிடைக்காது, வாரிவிட்டுடும். உங்க நாத்தனாரும் அன்னைக்கு இதையேதான் கேட்டா."

தைலம் இல்லை. அவள்.

இருபது வருஷமாகத் துணி வெட்டுகிற கை இது. எனக்கு எடுத்த அளவில் தைத்த சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டு, அவள் திணறியதைக் கண் குளிரப் பார்த்திருக்கிறேன்.

அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என் துடுப்பை நீதான் மாத்தினியா?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. கேட்டா ஒத்துக்க மாட்டீங்க. கோச்கிட்ட சொன்னா உங்களை ஓரமா உட்கார வெச்சிடுவாரு."

"உனக்கு அந்த சீட் வேண்டாமா?"

"வேணும்தான். வலியோட இழுக்கறவங்களை ஜெயிச்சு என்ன பண்றது?"

நான் செய்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. இருக்கை போய்விடுமே என்று ஒரு கணம் தோன்றியது. சீ, நானும் ஒரு மனுஷியா!

மார்ச் 9

காலையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கோச் கத்தவில்லை. "உடம்புக்கு ஏத்த மாதிரி வெக்கறது தப்பில்ல. சொல்லாம வெக்கறதுதான் தப்பு. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்" என்றார்.

மறுபடி டெஸ்ட். அவள் துடுப்பு பழைய அளவில், என்னுடையது எனக்கேற்ற அளவில். நான் அதே நாலு நிமிடம் இரண்டு நொடி. அவள் மூன்று நிமிடம் ஐம்பத்தெட்டு.

நாத்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை. மேல்கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். பேசாதே. நான்கூட என்னோடு பேச மாட்டேன்.

மார்ச் 10

படகேறுகிறவர்கள் செருப்பைக் கரையில் விட்டுவிடுவார்கள். யாராவது பொறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இன்று நான்.

ஏறும் முன் நாத்தனார் வந்து தன் துடுப்பை என் முன்னால் நீட்டினாள். "அளந்து பாருங்க."

"கோச்சைக் கேளேன்."

"உங்க டேப்தான் சரியா இருக்கும்."

அளந்தேன், சரியாக இருந்தது. சொன்னேன். அவள் தானும் ஒருமுறை சரிபார்க்கவில்லை. துடுப்பை வாங்கிக்கொண்டு போய்ப் படகில் உட்கார்ந்தாள்.

இரண்டாவதாக வந்தார்கள். தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

சாயங்காலம் வீட்டிலிருந்து போன். "என்னம்மா, படகுல உட்கார்ந்தியா?" என்றார். அப்படியென்றால் தங்கை அண்ணனிடம் எதையுமே சொல்லவில்லை. நல்லது கெட்டது எதையும்.

"கரையில நின்னேன்," என்றேன். "ஏன்னு கேளுங்க, சொல்றேன்."