கேமராவுக்குப் பதில் அப்பா

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் தோல்வி. நாலுக்கு ஒன்று. தொடர்ந்து ஆறாவது ஆட்டம்.

எனக்கு எழுத வராது, கையெழுத்துக்கே கட்டை விரல்தான். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "நாள் பூரா எங்கிட்ட சொல்றதை நோட்டுல சொல்லுங்க மாமா, என் காது பிழைக்கும்" என்று அவள்தான் இதை ஆரம்பித்து வைத்தாள்.

மகன் பகலில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறான். சாயங்காலம் கிளப்பில் பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்கிறான். ஆட்டம் முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து, "சொல்லுங்கப்பா" என்றான்.

சொன்னேன். முதல் கோலுக்கு முன்னால் சுண்டெலி, டீமிலேயே பொடிசு என்பதால் அந்தப் பேர், நடுவில் பந்தைத் தொலைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாள். இரண்டாவதற்குக் கேப்டன் திரும்பியே பார்க்கவில்லை. மூன்றும் நாலும் கோல்கீப்பர் விட்டது. நெடுநெடுவென்று இருப்பாள், கதவு என்று கூப்பிடுவார்கள். பந்து வலது பக்கம் வருகிறது, இவள் இடது பக்கம் விழுகிறாள். யார் எங்கே நின்றாள், எந்தக் காலால் உதைத்தாள், எல்லாம் என் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. மகன் குறித்துக்கொண்டான்.

"பெரிய கிளப்புக்கெல்லாம் கேமரா இருக்கு. எனக்கு எங்க அப்பா இருக்கார்" என்று மருமகளிடம் சொன்னான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வயதில் ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்?

மிச்சம் நாலு ஆட்டம். அதில் ஒன்றாவது ஜெயிக்காவிட்டால் அடுத்த வருடம் பெண் பிள்ளைகள் டீமே கிடையாது என்று கிளப் செயலாளர் சொல்லிவிட்டாராம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பயிற்சிக்கு நானும் போனேன். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, நான் சொன்னதையெல்லாம் மகன் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை. "அப்போ நீ இங்க நின்ன. ஏன்?" அவ்வளவுதான். "எல்லாம் எங்க அப்பா பார்த்தது, ஒண்ணும் தப்பாது" என்று வேறு சொன்னான்.

கதவின் முறை வந்தபோது பக்கத்தில் ஒருத்தி, "திறந்த கதவு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கதவும் சிரித்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மறுபடியும் தோல்வி. மூன்றுக்குப் பூஜ்யம்.

இன்று ஒன்று கவனித்தேன். சுண்டெலி எதிராளிப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலேயே போய்ப் போய் நின்றாள். ஒளிந்துகொள்கிறாள்! பந்து வந்தால்தானே தப்பு வரும். கேப்டன் "எனக்குக் குடு, எனக்குக் குடு" என்று கத்துகிறாள், அவள் காலோ பந்தை விட்டு விலகிப் போகிறது. யார் காலில் பந்து பட்டாலும் உடனே கோட்டுக்கு வெளியே ஒரு பார்வை. மகனைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். மகன் நின்றதோ எதிர்ப் பக்கம்.

என்னைத்தான் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் "சொல்லுங்கப்பா" என்றான். சொன்னேன். கேட்டால் இந்த வாய் நிற்க மாட்டேன் என்கிறதே.

பிப்ரவரி 18, செவ்வாய்

கதவு வரவில்லை. அவள் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை, அந்தச் சீருடையோடு நேராக வந்திருந்தாள். கையுறையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, நான் இடது பக்கம் விழலை, விழலைங்கறா சார். யாரோ ஒரு தாத்தா எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்காராமே?"

"ரெண்டு நாள் போனா சரியாயிடும்மா" என்றான் மகன்.

அந்தத் தாத்தா நான், பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மகனிடம் பேசிப் பார்த்தேன். "அந்த ஒப்பிக்கிறதை விட்டுடுப்பா. பிள்ளைங்க பந்துக்குப் பயப்படலை. நமக்குப் பயப்படுது."

"தப்பைத் தப்புன்னு சொல்லாம எப்படிப்பா திருந்தும்?"

"அப்போ இனிமே நான் சொல்லலை."

தட்டைத் தள்ளிவிட்டான். "டீமே போகப்போகுது. எங்கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் கைய விரிச்சாச்சு, இல்ல?" சாப்பிட்ட கையோடு எழுந்து போய்விட்டான்.

என்ன செய்வேன் நான்? வாயைத் திறக்காவிட்டால் பெற்ற பிள்ளைக்குத் துரோகம். திறந்தால் — அந்தக் குழந்தை தூக்கத்தில் எழுந்து உட்காருகிறது.

மருமகள் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். எழுதும்மா.

பிப்ரவரி 23, ஞாயிறு

தோல்வி. இரண்டுக்கு ஒன்று.

கோபமெல்லாம் இறங்கி வந்து உட்கார்ந்தான். "சொல்லுங்கப்பா."

"முதல் கோல்... அந்த நெட்டைப் பிள்ளை, கதவு, அவதானே விட்டா?"

"கதவு நின்னு ஒரு வாரம் ஆச்சேப்பா."

"அப்படியா?"

என் முகத்தையே பார்த்தான். பேனாவை மூடினான்.

அந்த முதல் கோல் போட்டது எதிர் டீமில் ஏழாம் நம்பர். இடது கால். கம்பத்தில் பட்டு உள்ளே போனது. இங்கே மட்டும் சொல்லி வைக்கிறேன்.

"இது எங்க போய் முடியும் மாமா?" என்கிறாள் மருமகள். தெரியாதும்மா.

பிப்ரவரி 27, வியாழன்

டாக்டரிடம் கூட்டிப் போனான். குடை, ரயில், உப்பு. மூன்று சொல்லைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் கழித்துக் கேட்டார். ஒன்றும் நினைவில்லை என்றேன். வெளியே வந்ததும் மகன் குனிந்து என் செருப்பைக் காலருகே எடுத்து வைத்தான். ஒரு நாளும் செய்யாதவன்.

மார்ச் 2, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று. டிரா.

பயிற்சியில் இப்போது ஒப்பித்தல் இல்லை. அவனுக்கு எடுத்துக் கொடுக்க ஆளில்லை. பிள்ளைகளை ஆட விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறான், நான் எழுந்து எங்கேயாவது போய்விடுவேனோ என்று.

ஆட்டத்தில் சுண்டெலி இரண்டு தடவை பந்தைத் தொலைத்தாள். முடிந்து வந்தவளிடம், "யாரு பாப்பா நீ?" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். "தாத்தாவுக்கு மறை கழண்டுடுச்சுடி!"

சிரிக்கட்டும்.

மார்ச் 5, புதன்

வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான். சட்டைப்பையில் அவன் போன் நம்பர் எழுதிய சீட்டு. படிக்கத்தான் வராது, நம்பர் எனக்கு மனப்பாடம். அவன் பழைய நம்பரும். டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிடுகிறேன்.

"அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன் மாமா. கடைப் பக்கம் போய் நின்னு அழுதுட்டு வர்றார்" என்றாள் மருமகள்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஜெயித்துவிட்டார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். டீம் உண்டு.

மைதானத்தைச் சுற்றித் தகர வேலி. என் நாற்காலிக்குப் பக்கத்தில் கேட். அங்கிருந்து பார்த்தால் ரோடு தெரியும். முடியப்போகிற நேரம், எதிராளி உதைத்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. ரோட்டில் கதவு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. எம்பி இரண்டு கையாலும் பிடித்தாள், அதே வேகத்தில் வேலிக்கு மேலே தூக்கி எறிந்தாள். நேராகக் கேப்டன் கைக்கு. எதிராளிகள் திரும்புவதற்குள் கேப்டன் கோட்டில் நின்று சுண்டெலிக்கு எறிந்தாள். சுண்டெலி கண்ணைத் திறந்துகொண்டு உதைத்தாள்.

உள்ளே ஒரே கூச்சல். கதவு சிரித்துக்கொண்டே கேட் பக்கம் வந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"யாரு பாப்பா நீ?" என்றேன். அவள் பயம் போகட்டும் என்றுதான் கேட்டேன்.

"யாரும் இல்ல தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாப்பாட்டில் மகன் அதே பேச்சுதான். "ரோட்டுல போன யாரோ பந்தைத் தூக்கிப் போட்டாங்க, கை மட்டும்தான் தெரிஞ்சுது. அதுதான் அதிர்ஷ்டம்." பேர் என் நாக்கு நுனி வரை வந்தது. தண்ணீரைக் குடித்தேன்.

அப்புறம் என் முன்னால் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான். "அப்பா, இன்னைக்கு யாரு ஜெயிச்சாங்க?"

மருமகள் என்னையே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதே. ஆனால் டீம் இருக்கிறது. அடுத்த வருடமும் ஆட்டம் இருக்கிறது. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்று தெரிந்தால் அப்போதும் கட்டிலில் வந்து உட்காருவான், சொல்லுங்கப்பா என்று. அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"நாமளா ஜெயிச்சோம்?" என்றேன்.

"ஆமாப்பா. நாமதான்." கண் கலங்கிவிட்டது அவனுக்கு. குழந்தைக்குச் சொல்வது மாதிரி முதலிலிருந்து சொன்னான். பாதி தப்பு. கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த வேலிக்கு வெளியே, பந்தைப் பிடிச்சாங்களே, சரியாப் பிடிச்சாங்களா?"

"கச்சிதமாப் பிடிச்சாங்கப்பா" என்றான்.